இயந்திரத்தை எப்போது தொடுவது, எப்போது விடுவது: பட்டறைகளுக்கான புள்ளியியல் தரக்கட்டுப்பாடு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, ஓசூர், அம்பத்தூர் வட்டாரங்களில் வாகன நிறுவனங்களுக்கும் பம்ப் நிறுவனங்களுக்கும் கடைசல் பாகங்களும் வார்ப்புகளும் செய்து கொடுக்கும் சிறு, நடுத்தரப் பட்டறைகளின் உரிமையாளர்களையும் சூப்பர்வைசர்களையும் ஆபரேட்டர்களையும் மனத்தில் வைத்து இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது. கணக்குகள் பெரும்பாலும் ஒரே எடுத்துக்காட்டைச் சுற்றி வரும். சி.என்.சி. லேத்தில் கடையப்படும் ஒரு ஷாஃப்டின் விட்டம் 25.000 மி.மீ. இருக்க வேண்டும், கூடவோ குறையவோ 0.020 மி.மீ. வரை வாடிக்கையாளர் ஏற்றுக்கொள்வார். இந்த அனுமதிக்கு டாலரன்ஸ் என்று பெயர்.

புள்ளியியல் தரக்கட்டுப்பாடு என்பது என்ன? இறுதிச் சோதனையிலிருந்து அது எவ்வகையில் வேறுபடுகிறது?

இறுதிச் சோதனை முடிந்துபோன வேலையைப் பார்க்கிறது. நல்ல பீஸ் ஒரு பக்கம், கெட்ட பீஸ் மறுபக்கம் என்று பிரித்த பிறகு, கெட்ட பீஸில் போன பொருளும் மின்சாரமும் உழைப்பும் திரும்பி வருவதில்லை. புள்ளியியல் தரக்கட்டுப்பாடு இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சில பீஸ்களை அளந்து, அந்த அளவுகள் வழக்கமான ஏற்ற இறக்கத்துக்குள் இருக்கின்றனவா அல்லது புதிதாக ஏதோ நேர்ந்துவிட்டதா என்று கண்டறியும் முறையாகும். புதிதாக எதுவும் நேரவில்லை என்றால் இயந்திரத்தைத் தொடாமல் விடுவதும், நேர்ந்திருந்தால் உடனே நிறுத்திக் காரணத்தைத் தேடுவதும் இம்முறை நம்மிடம் கேட்கும் இரண்டு செயல்கள். பலரும் இரண்டாவதை மட்டுமே நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். முதலாவதை மறப்பதால் ஏற்படும் இழப்பு பெரிது என்பதைக் கீழே விரிவாகக் காணலாம்.

எல்லாப் பீஸையும் நூறு விழுக்காடு சோதித்துவிட்டால் போதாதா?

பிரேக் சம்பந்தப்பட்ட பாகத்தின் கசிவுச் சோதனை போன்று உயிர்ப் பாதுகாப்பைத் தொடும் இடங்களில் நூறு விழுக்காடு சோதனையைத் தவிர்க்க முடியாது, தவிர்க்கவும் கூடாது. மற்ற இடங்களில் அது செலவுமிக்க வழி. மேலும், ஒரே பாகத்தை நாள் முழுவதும் பார்க்கும் மனிதக் கண் சலித்துவிடும். குறை அரிதாக வரும்போது அதைத் தவறவிடும் வாய்ப்பும் கூடும். எல்லாவற்றையும் சோதிக்கும் பட்டறைக்கும் குறை எங்கிருந்து பிறக்கிறது என்பது தெரிவதில்லை என்பதுதான் இதில் முதன்மையான குறைபாடு.

இம்முறையைத் தொடங்கியவர் யார்? நம் நாட்டுக்கு அது எப்படி வந்தது?

அமெரிக்காவில் தொலைபேசிக் கருவிகள் செய்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய இயற்பியலாளர் வால்டர் ஷூவார்ட், 1924 மே 16 அன்று தம் மேலதிகாரிக்கு எழுதிய ஒரு சிறு குறிப்பில் முதல் கட்டுப்பாட்டு வரைபடத்தை வரைந்து காட்டினார். அவருடைய கருத்துகளைப் பின்பற்றிய அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங் 1950-இல் ஜப்பானியப் பொறியாளர்களுக்கும் நிறுவனத் தலைவர்களுக்கும் வகுப்பெடுத்தார். தர மேம்பாட்டுக்காக அவர் பெயரில் வழங்கப்படும் டெமிங் விருது 1951-இல் அங்கே தொடங்கப்பட்டது.

இந்தியா இதில் பின்தங்கித் தொடங்கவில்லை. பி.சி. மகாலனோபிஸ் 1931-இல் கல்கத்தாவில் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகத்தின் அழைப்பை ஏற்று ஷூவார்ட் 1947-48 காலத்தில் இந்தியாவுக்கே வந்து ஆலைகளைப் பார்த்துப் பேசிச் சென்றார். பின்னர் அக்கழகம் பல தொழில் நகரங்களில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுகளை ஏற்படுத்தியது. அவற்றுள் சென்னையும் கோவையும் அடங்கும். ஆயினும், விதை இங்கே விழுந்து நெடுங்காலம் கழித்தே விளைச்சல் வந்தது. டெமிங் விருதைப் பெற்ற முதல் இந்திய நிறுவனம் சுந்தரம் கிளேட்டன். அதன் பிரேக்ஸ் பிரிவு 1998-இல் அதைப் பெற்றது. அதன்பின் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், டி.வி.எஸ். மோட்டார், ரானே குழும நிறுவனங்கள், லூகாஸ் டி.வி.எஸ். எனத் தமிழகத்தைச் சேர்ந்த வாகன, வாகன பாக நிறுவனங்கள் அடுத்தடுத்து அவ்விருதைப் பெற்றன. இந்நிறுவனங்களுக்குப் பாகம் கொடுக்கும் சிறு பட்டறைகளிடமும் கட்டுப்பாட்டு வரைபடம் கேட்கப்படுவது இதன் தொடர்ச்சியே.

ஒரே இயந்திரம், ஒரே ஆபரேட்டர், ஒரே புரோகிராம். இருந்தும் அளவு ஏன் மாறுகிறது?

எந்த இரண்டு பீஸும் ஒன்றுபோல் இருப்பதில்லை. கம்பியின் கடினத்தன்மை இடத்துக்கு இடம் சற்று மாறும், கூலன்ட் ஓட்டம் மாறும், சக்கின் பிடி மாறும், ஸ்பிண்டில் சூடேறும். இப்படிப் பல சிறு காரணங்கள் எப்போதும் சேர்ந்து இயங்கி உண்டாக்கும் ஏற்ற இறக்கத்தைப் பொதுக் காரண மாறுபாடு என்கிறோம். அதைக் குறைக்க வேண்டுமானால் இயந்திரத்தையோ மூலப்பொருளையோ முறையையோ மாற்ற வேண்டும். அது நிர்வாகத்தின் பொறுப்பு. இன்சர்ட்டின் (மாற்றக்கூடிய வெட்டும் துண்டின்) முனை உடைவது, கம்பியின் கிரேடு மாறிப்போவது, புதிதாக வந்தவர் தவறான ஆஃப்செட்டை (வெட்டும் கருவியின் நிலையைத் திருத்தும் எண்ணை) பதிவு செய்வது போன்றவை சிறப்புக் காரணங்கள். இவற்றை அந்த இடத்திலேயே, அந்த ஷிஃப்டிலேயே கண்டுபிடித்து நீக்கலாம். இரண்டையும் பிரித்துக் காட்டுவதற்காகவே கட்டுப்பாட்டு வரைபடம் உருவாக்கப்பட்டது.

கணக்கில் பழக்கமில்லாதவர் எங்கிருந்து தொடங்கலாம்?

ஒரு தாளில் கோடு போட்டு எண்ணுவதிலிருந்து தொடங்கலாம். வார்ப்புப் பட்டறை ஒன்றில் ரிஜெக்‌ஷன் மிகுதி என்று பொதுவாகப் பேசிக்கொண்டிருப்பதை விட, ப்ளோ ஹோல் (காற்றுத் துளை), மண் விழுந்தது, ஷ்ரிங்கேஜ் (சுருங்கல் குழி), கோல்ட் ஷட் (உருக்கு ஒன்றாகச் சேராத இடம்) என்று கட்டம் போட்டு, ஒவ்வொரு கெட்ட வார்ப்புக்கும் உரிய கட்டத்தில் ஒரு கோடு போட்டு வந்தால், இரண்டு வாரத்தில் எந்தக் கட்டம் நிறைகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். பெரும்பாலும் ஓரிரு கட்டங்களே நிறையும். முதல் முயற்சி அங்கேதான் செல்ல வேண்டும். அதே தாளில் அச்சு எண்ணையும் ஷிஃப்டையும் சேர்த்துக் குறித்தால் அதன் பயன் பன்மடங்காகும். அளவுகளைப் பொறுத்தவரை, சராசரி, வீச்சு ஆகிய இரண்டு போதும். அளவுகள் எங்கே மையம் கொண்டுள்ளன என்பதைச் சராசரி சொல்லும். குழுவில் உள்ள மிகப் பெரிய அளவிலிருந்து மிகச் சிறிய அளவைக் கழித்தால் வருவது வீச்சு. அளவுகள் எவ்வளவு சிதறியுள்ளன என்பதை அது சொல்லும்.

கட்டுப்பாட்டு வரைபடத்தை வரைவது எப்படி?

மணிக்கு ஒருமுறை அடுத்தடுத்து வரும் ஐந்து பீஸ்களை எடுத்து அளக்க வேண்டும். ஒரு மணி நேரத்தின் அளவுகள் 25.003, 25.007, 25.001, 25.005, 25.004 என்று வந்தால், சராசரி 25.004, வீச்சு 0.006. இப்படி 25 குழுக்கள் சேர்ந்ததும், 25 சராசரிகளின் சராசரியையும் 25 வீச்சுகளின் சராசரியையும் கணக்கிட வேண்டும். அவை முறையே 25.004 என்றும் 0.010 என்றும் வந்ததாகக் கொள்வோம்.

ஐந்து பீஸ் குழுவுக்குத் தரக்கட்டுப்பாட்டு நூல்களின் அட்டவணையில் இரண்டு மாறிலிகள் தரப்பட்டுள்ளன. சராசரி வரைபடத்துக்கு உரியது 0.577, வீச்சு வரைபடத்தின் மேல் எல்லைக்கு உரியது 2.114. சராசரி வீச்சான 0.010-ஐ 0.577-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 0.0058, அதை 25.004-உடன் கூட்டியும் கழித்தும் பெறும் 25.0098, 24.9982 ஆகியவை சராசரிக்கான மேல், கீழ் எல்லைகள். வீச்சுக்கான மேல் எல்லை 0.010 பெருக்கல் 2.114, அதாவது 0.0211; ஐந்து பீஸ் குழுவில் வீச்சுக்குக் கீழ் எல்லை சுழியமே. இக்கோடுகளை வரைந்த பின், முதலில் வீச்சு வரைபடத்தைப் பாருங்கள். சிதறல் நிலையாக இல்லாதபோது, அச்சிதறலிலிருந்து கணக்கிட்ட சராசரி எல்லைகளுக்குப் பொருளில்லை.

ஐந்து பீஸ்களை அடுத்தடுத்து ஏன் எடுக்க வேண்டும்? ஒரு மணி நேரத்தில் பரவலாக எடுத்தால் நல்லதல்லவா?

அடுத்தடுத்து எடுத்த ஐந்தில் பொதுக் காரணங்களின் விளைவு மட்டுமே பெரும்பாலும் இருக்கும்; எனவே அந்த வீச்சு இயந்திரத்தின் இயல்பான சிதறலைக் காட்டும். பரவலாக எடுத்தால், இடையில் ஏற்பட்ட நகர்வும் வீச்சுக்குள் புகுந்து எல்லைகளை அகலமாக்கிவிடும். அகன்ற எல்லைக்குள் சிறப்புக் காரணம் ஒளிந்துகொள்ளும்.

இதைவிடக் கெடுதலான பழக்கம் ஒன்று பல குழி கொண்ட அச்சுகளிலும் பல ஸ்பிண்டில் இயந்திரங்களிலும் காணப்படுகிறது. நான்கு குழிகளிலிருந்து ஒவ்வொரு பீஸ் எடுத்து ஒரே குழுவாக்குகிறார்கள். குழிக்குக் குழி நிலையான வேறுபாடு இருக்கும் என்பதால் வீச்சு பெரிதாக வரும், எல்லைகள் அகலும், சராசரிப் புள்ளிகளோ நடுக்கோட்டை ஒட்டியே படுத்திருக்கும். பார்ப்பவர் மிக நல்ல வரைபடம் என்று மகிழ்வார். உண்மையில் அந்த வரைபடத்துக்குக் கண்ணே இல்லை. குழிக்கொரு வரைபடம் போடுங்கள். அது வேலையைக் கூட்டினால், குறைந்தது தொடக்கத்திலாவது குழிவாரியாக அளந்து வேறுபாட்டை நீக்கிவிட்டுப் பிறகு சேருங்கள்.

எல்லையை ஏன் மூன்று சிக்மாவில் வைக்கிறார்கள்?

சிக்மா என்பது திட்ட விலக்கம், அதாவது சிதறலின் அளவு. மேலே 0.577-ஆல் பெருக்கிப் பெற்ற எல்லைகள், குழுச் சராசரியின் சிக்மாவைப் போல் மும்மடங்கு தூரத்தில் இருப்பவையே. மணி வடிவம் கொண்ட இயல்நிலைப் பரவலில் சராசரியிலிருந்து இருபுறமும் ஒரு சிக்மாவுக்குள் சுமார் 68 விழுக்காடும், இரண்டு சிக்மாவுக்குள் சுமார் 95 விழுக்காடும், மூன்று சிக்மாவுக்குள் 99.73 விழுக்காடும் அடங்கும். எனவே எதுவும் கெடாதபோது ஒரு புள்ளி தற்செயலாக வெளியே விழுவது ஏறத்தாழ 370 புள்ளிகளுக்கு ஒருமுறைதான். இரண்டு சிக்மாவில் எல்லை வைத்தால் இருபதுக்கு ஒருமுறைக்கு நெருக்கமாகப் பொய் எச்சரிக்கை வரும். ஆபரேட்டர் சில நாளில் வரைபடத்தையே நம்பாமல் போய்விடுவார். வீண் அலைச்சலுக்கும் தவறவிடும் இழப்புக்கும் இடையே பொருளாதார முறையில் சரியாக அமைந்த இடம் என்பதாலேயே ஷூவார்ட் மூன்று சிக்மாவைத் தேர்ந்தார்.

வரைபடத்தில் டாலரன்ஸ் எல்லைகளையும் கோடாகப் போட்டுவிட்டால் வசதியாக இருக்குமே?

சராசரி வரைபடத்தில் அவ்வாறு போடக் கூடாது. டாலரன்ஸ் தனித்தனிப் பீஸுக்கு உரியது. வரைபடத்தில் இருக்கும் புள்ளியோ ஐந்து பீஸ்களின் சராசரி. சராசரியின் சிதறல் தனிப் பீஸின் சிதறலில் 2.24-இல் ஒரு பங்குதான், ஐந்தின் வர்க்கமூலம் அது. ஆகவே சராசரி 25.015-இல் இருக்கும்போது, டாலரன்ஸ் கோட்டான 25.020-க்குள் இருப்பதாகத் தோன்றினாலும், குழுவில் ஓரிரு பீஸ்கள் வெளியே போய்விட்டிருக்க வாய்ப்புண்டு. டாலரன்ஸை வகுப்பவர் வாடிக்கையாளர். கட்டுப்பாட்டு எல்லையை வகுப்பது இயந்திரத்தின் நடத்தை. ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைப்பது பட்டறைகளில் நான் காணும் பிழைகளில் மிகப் பரவலானது.

எல்லாப் புள்ளிகளும் எல்லைக்குள் இருந்தால் கவலையில்லை என்று சொல்லலாமா?

புள்ளிகள் விழும் வரிசையையும் பார்க்க வேண்டும். அடுத்தடுத்து எட்டுப் புள்ளிகள் நடுக்கோட்டின் ஒரே பக்கத்தில் விழுந்தால், எல்லைக்குள் இருந்தாலும் மையம் நகர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். மூன்று புள்ளிகளில் இரண்டு, ஒரே பக்கத்தில் இரண்டு சிக்மாவைத் தாண்டினாலும் அதுவே பொருள். வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனம் 1956-இல் வகுத்துத் தந்த விதிகள் இவை.

கடைசலில் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது இன்சர்ட் தேய்மானம். முனை தேயத் தேய வெளிவிட்டம் மெல்லக் கூடிக்கொண்டே வரும். புள்ளிகள் படிப்படியாக மேலேறும். இது எதிர்பார்க்கத்தக்க நகர்வு என்பதால், எத்தனை பீஸுக்கு எத்தனை மைக்ரான் (ஒரு மைக்ரான் 0.001 மி.மீ.) ஏறுகிறது என்பதை வரைபடத்திலிருந்தே படித்து, அத்தனை பீஸுக்கு ஒருமுறை ஆஃப்செட்டைத் திருத்துவது, இத்தனை பீஸில் முனையை மாற்றுவது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளலாம். காலை ஷிஃப்டின் முதல் அரை மணியில் மட்டும் புள்ளிகள் விலகி நின்றால், இயந்திரத்தைச் சூடேற்றாமல் வேலை தொடங்கப்படுகிறதா என்று பாருங்கள்.

ஒவ்வொரு பீஸையும் அளந்து, விலகிய அளவுக்கு ஆஃப்செட்டைத் திருத்திக்கொண்டே போனால் அளவு சரியாக நிற்குமல்லவா?

நிற்காது, சிதறல் கூடும். பொறுப்புள்ள, கடுமையாக உழைக்கும் ஆபரேட்டரே இதைச் செய்வார் என்பதால் இக்கேள்வியைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

இயந்திரம் 25.000-இல் சரியாக மையம் கொண்டுள்ளது என்றும், பொதுக் காரணங்களால் பீஸுக்குப் பீஸ் சில மைக்ரான் ஏற்ற இறக்கம் உள்ளது என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு பீஸ் 25.006 வருகிறது. ஆபரேட்டர் ஆஃப்செட்டில் 6 மைக்ரான் குறைக்கிறார். அந்த 6 மைக்ரான் தற்செயலாக வந்தது. அடுத்த பீஸிலும் அது வரப்போவதில்லை. திருத்தியதன் விளைவாக மையம் 24.994-க்குப் போய்விட்டது. அடுத்த பீஸின் இயல்பான ஏற்ற இறக்கம் 5 மைக்ரான் கீழாக அமைந்தால் அளவு 24.989 என்று வரும். தொடாமல் விட்டிருந்தால் அது 24.995-ஆக இருந்திருக்கும். இப்போது பதறி 11 மைக்ரான் கூட்டுவார். ஒவ்வொரு பீஸிலும் அதற்குரிய தற்செயலான விலகலோடு முந்தைய பீஸின் விலகலும் எதிர்த்திசையில் சேர்ந்துகொள்வதால், விலக்க வர்க்கத்தின் சராசரி இரட்டிப்பாகிறது. திட்ட விலக்கம் 1.41 மடங்காகிறது. புனல் ஒன்றின் வழியாகக் கோலிக்குண்டுகளை மேசைமேல் விழச் செய்து டெமிங் தம் வகுப்புகளில் இதையே கண்முன் காட்டினார்.

நம் எடுத்துக்காட்டில் திட்ட விலக்கம் 4.3 மைக்ரான் (கணக்கு அடுத்த கேள்வியில்). பீஸுக்குப் பீஸ் திருத்தினால் அது சுமார் 6.1 ஆகும். இயந்திரத்தில் எந்தக் கோளாறும் இல்லாமலேயே, கவனமான உழைப்பின் பெயரால், சிதறல் நாற்பது விழுக்காடு கூடிவிட்டது. எனவே விதி இதுதான்: வரைபடம் சைகை தரும்போது மட்டும் ஆஃப்செட்டைத் தொடுக; தொட்டால், எந்த நேரத்தில் எவ்வளவு மாற்றினோம் என்பதை அதே தாளில் எழுதுக. ஒரு பீஸ் நடுவிலிருந்து விலகியதற்காக ஆபரேட்டரைத் திட்டும் சூப்பர்வைசர், இந்தத் தேவையற்ற திருத்தத்தை அவரே தூண்டிவிடுகிறார்.

சி.பி., சி.பி.கே. என்று வாடிக்கையாளர் கேட்கும் எண்கள் எதைச் சொல்கின்றன?

டாலரன்ஸின் மொத்த அகலத்தை ஆறு சிக்மாவால் வகுத்தால் வருவது சி.பி. சிக்மாவைப் பெற, சராசரி வீச்சை 2.326-ஆல் (ஐந்து பீஸ் குழுவுக்கான அட்டவணை மாறிலி) வகுக்க வேண்டும், 0.010-ஐ வகுத்தால் 0.0043. ஆகவே சி.பி. என்பது 0.040 வகுத்தல் 0.0258, அதாவது 1.55. ஆனால் சி.பி. மையத்தைப் பார்ப்பதில்லை. மையத்திலிருந்து அருகிலுள்ள டாலரன்ஸ் எல்லைவரை உள்ள தூரத்தை மூன்று சிக்மாவால் வகுப்பது சி.பி.கே. நம் மையம் 25.004, மேல் எல்லைவரை 0.016, அதை 0.0129-ஆல் வகுத்தால் 1.24.

வாகனத் தொழிலில் பொதுவாகக் குறைந்தது 1.33-உம், முக்கிய அளவுகளுக்கும் புதிய பாகங்களுக்கும் பெரும்பாலும் 1.67-உம் கேட்கிறார்கள். 1.24 என்றதும் புதிய இயந்திரம் வாங்க வேண்டுமோ என்று அஞ்ச வேண்டாம். இங்கே இயந்திரத்தின் திறன் 1.55, 4 மைக்ரான் ஆஃப்செட் திருத்தம் ஒன்றே சி.பி.கே.யை அங்கே கொண்டு சேர்க்கும். இரண்டு எண்களும் ஒருசேரக் குறைவாக இருக்கும்போதுதான் சிதறலைக் குறைக்கும் கடினமான வேலை தொடங்குகிறது. வரைபடம் நிலையாக இல்லாத நேரத்தில் கணக்கிடப்பட்ட சி.பி.கே.யை யாருக்கும் அனுப்பாதீர்கள்; நாளை அது வேறாக இருக்கும்.

வெர்னியர் கொண்டு அளந்து வரைபடம் போடலாமா?

இந்த ஷாஃப்டுக்குப் போதாது. டாலரன்ஸின் பத்தில் ஒரு பங்கையாவது கருவி பிரித்துக் காட்ட வேண்டும் என்பது நடைமுறை விதி. இங்கே அது 0.004. வெர்னியரின் மீச்சிற்றளவு 0.02 என்றால், வரும் அளவுகள் 24.98, 25.00, 25.02 என்ற மூன்றே. வீச்சு ஒன்று சுழியம், இல்லாவிட்டால் 0.02, படிக்கட்டு போன்ற அந்த வரைபடத்திலிருந்து எதையும் கற்க முடியாது. ஒரு மைக்ரான் காட்டும் மைக்ரோமீட்டரோ டயல் ஒப்பளவியோ தேவை.

கருவி சரியாக இருந்தாலும் அளப்பவருக்கு அளப்பவர் அழுத்தம் மாறும். பத்துப் பீஸ்களை மூன்று பேர் தலா இரண்டு அல்லது மூன்று முறை அளந்து, முந்தைய அளவு தெரியாதபடி பதிவு செய்து, அளவீட்டால் மட்டும் வரும் சிதறலைப் பிரித்தெடுக்கலாம். அது மொத்தத்தில் 10 விழுக்காட்டுக்குக் கீழ் இருந்தால் நன்று, 30 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த அளவீட்டை நம்பக் கூடாது என்பது வாகனத் துறையில் வழங்கும் அளவுகோல்.

வெப்பத்தையும் மறக்கக் கூடாது. எஃகு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 11.5 மைக்ரான் விரிகிறது. லேத்திலிருந்து எடுத்த சூட்டோடு, மைக்ரோமீட்டரை விட 10 டிகிரி கூடுதலாக இருக்கும் 25 மி.மீ. ஷாஃப்ட், கிட்டத்தட்ட 3 மைக்ரான் பெரிதாகக் காட்டும். பீஸையும் கருவியையும் மாஸ்டரையும் (கருவியைச் சரிபார்க்கும் மூல அளவு) ஒரே மேசையில் சற்று நேரம் வைத்து, ஒரே வெப்பநிலைக்கு வந்தபின் அளப்பது பழக வேண்டிய ஒழுங்கு.

வார்ப்பில் நல்லது, கெட்டது என்று மட்டுமே சொல்ல முடிகிறது. அதற்கு வரைபடம் உண்டா?

உண்டு, குறை விகித வரைபடம் என்பது அது. நாளொன்றுக்கு 200 வார்ப்புகள் சோதிக்கப்பட்டு, நீண்ட காலச் சராசரி ரிஜெக்‌ஷன் 4 விழுக்காடு என்று கொள்வோம். 0.04-ஐ 0.96-ஆல் பெருக்கி, 200-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் 0.0139. அதன் மும்மடங்கை 0.04-உடன் கூட்டினால் மேல் எல்லை 0.082, அதாவது 200-க்கு 16 வார்ப்புகள்.

இந்த எண்ணை மேலாளர்கள் ஊன்றிப் பார்க்க வேண்டும். நேற்று 5, இன்று 12 என்றால், இரு மடங்குக்கு மேல் ஏறிவிட்டதே என்று காலைக் கூட்டத்தில் விளக்கம் கேட்கப்படுகிறது. சராசரி 8 ஆக இருக்கும் முறையில் 5-உம் 12-உம் இரண்டுமே இயல்பு. கேட்டவருக்காக ஏதோ ஒரு காரணம் சொல்லப்படும், மணல் கலவையில் ஏதோ ஒரு மாற்றம் செய்யப்படும், நன்றாக ஓடிக்கொண்டிருந்தது குலையும். 17 வந்தால் கேளுங்கள். அன்று பெரும்பாலும் உண்மையாகவே காரணம் இருக்கும். 8 என்பதே மிகுதி என்று கருதினால், ஷிஃப்டைக் குறை சொல்லாமல், கேட்டிங் (உருக்கு அச்சுக்குள் பாயும் வழி) வடிவமைப்பையும் மணலின் ஈரப்பதத்தையும் உருக்கின் வெப்பத்தையும் எடுத்து ஆராய வேண்டும்.

லாட்டிலிருந்து (ஒரு தொகுதிச் சரக்கிலிருந்து) 50 பீஸ் எடுத்தோம், ஒன்றுகூடக் கெடவில்லை. லாட் நல்லது என்று கொள்ளலாமா?

2 விழுக்காடு கெட்ட பீஸ் கொண்ட பெரிய லாட்டிலிருந்து 50 எடுத்தால், ஒன்றுகூடச் சிக்காமல் போகும் வாய்ப்பு 0.98-இன் ஐம்பதாம் அடுக்கு, அதாவது சுமார் 36 விழுக்காடு. மூன்றில் ஒரு முறைக்கு மேல் அந்த லாட் தப்பிவிடும். மாதிரிச் சோதனை மிக மோசமான லாட்டைத் தடுக்கும். சிறிய குறை விகிதத்துக்கு எதிரே அது பலவீனமானது. உள்ளே வரும் பொருளுக்கு அதை வைத்துக்கொள்ளலாம். சொந்த உற்பத்திக்கு அதை மட்டும் நம்பக் கூடாது.

எங்களுக்கு வருவதெல்லாம் சிறு ஆர்டர்கள். 25 குழு சேர்வதற்குள் வேலையே முடிந்துவிடுகிறது. என்ன செய்வது?

பாகத்தைப் பின்தொடராமல் இயந்திரத்தைப் பின்தொடருங்கள். 25 மி.மீ. ஷாஃப்ட், 32 மி.மீ. புஷ் என்று எது ஓடினாலும், குறித்த அளவிலிருந்து எத்தனை மைக்ரான் விலகியது என்பதை மட்டும் எழுதி ஒரே வரைபடத்தில் தொடரலாம். பொருளும் சிதறலும் ஏறக்குறைய ஒத்திருக்கும் வேலைகளை மட்டும் இப்படிச் சேர்க்க வேண்டும். எஃகையும் பித்தளையையும் கலந்துவிடக் கூடாது.

அளவுகள் இயல்நிலைப் பரவலில் இல்லாவிட்டால்?

நீள்வட்டத்தன்மை, ரன்-அவுட் (சுழலும்போது அச்சிலிருந்து விலகும் ஆட்டம்) போன்றவை சுழியத்துக்குக் கீழே போக முடியாதவை. அவை ஒருபக்கம் நீண்டே பரவும். சராசரி வரைபடத்துக்கு இது பெரிய தடையில்லை. சி.பி.கே. கணக்குக்குத் தடை, அங்கே இயல்நிலைப் பரவலின் சூத்திரத்தைக் கண்மூடிப் பயன்படுத்தாமல், ஹிஸ்டோகிராமை (எந்த அளவு எத்தனை முறை வந்தது என்று காட்டும் பட்டை வரைபடத்தை) வரைந்து பார்த்து, தேர்ந்தவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

வரைபடத்தை யார் போட வேண்டும்: க்யூ.சி. (தரச் சோதனை) பிரிவா, ஆபரேட்டரா?

ஆபரேட்டர்தான், இயந்திரத்தின் அருகிலேயே, அளந்த அந்த நிமிடத்திலேயே. மாலையில் க்யூ.சி. அறையில் கணினியில் ஏற்றப்படும் வரைபடம் எவ்வளவு அழகாக இருந்தாலும், காலை பத்து மணிக்கு உடைந்த இன்சர்ட்டைப் பற்றி அதற்குள் செய்ய எதுவும் மிஞ்சியிருக்காது. ஐந்து எண்களைக் கூட்டி ஐந்தால் வகுப்பது எல்லோராலும் முடிவதே. புள்ளி வெளியே விழுந்தால் இயந்திரத்தை நிறுத்தும் அதிகாரமும் அவரிடமே இருக்க வேண்டும். அதைத் தராமல் பென்சிலை மட்டும் தருவது அவர் உழைப்பை அவமதிப்பதாகும்.

ஆடிட்டுக்காக உட்கார்ந்து எழுதிய வரைபடத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். மனத்திலிருந்து எழுதும் எண்கள் 0-விலும் 5-இலும் முடிய விரும்பும். வீச்சுகள் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும். உண்மையான வீச்சு அடங்காமல் குதிக்கும். பதினைந்து சராசரிகள் வரிசையாக ஒரு சிக்மாவுக்குள்ளேயே அடங்கினால், அது கற்பனையாக இருக்கலாம், அல்லது மேலே சொன்ன குழிக் கலப்பாக இருக்கலாம், இரண்டுமே விசாரிக்கத்தக்கவை. இன்சர்ட் மாற்றிய பதிவேட்டை அருகில் வைத்துப் பாருங்கள்: முனை மாற்றிய நேரத்தில் வரைபடம் அசையவே இல்லை என்றால், அந்த எண்கள் அந்த இயந்திரத்திலிருந்து வந்தவை அல்ல. இப்படி எழுதுபவரைத் தண்டிப்பதற்கு முன், எல்லைக்கு வெளியே விழுந்த புள்ளிக்காக அவர் எப்போதாவது திட்டு வாங்கியிருக்கிறாரா என்று கேட்டறிவது நிர்வாகத்தின் கடமை.

கட்டுப்பாட்டு எல்லைகளை எப்போது மறுபடி கணக்கிட வேண்டும்?

மாதம் பிறந்தது என்பதற்காக மாற்ற வேண்டாம். அப்படி மாற்றிக்கொண்டே இருந்தால், மெல்லக் கெட்டு வரும் இயந்திரத்தோடு சேர்ந்து எல்லையும் அகன்று, கேடு தெரியாமல் போகும். ஸ்பிண்டில் பேரிங் மாற்றியது, வேறு இன்சர்ட் கிரேடுக்குப் போனது, புதிய ஃபிக்சர் வந்தது என்று காரணம் தெரிந்த மாற்றம் நடந்து, புள்ளிகளும் புதிய நிலைக்கு வந்து தங்கியிருந்தால், அந்த நாளிலிருந்து 25 குழுக்களை எடுத்துப் புதிய எல்லைகளை வகுக்கலாம். முதல் கணக்கில் எல்லைக்கு வெளியே விழுந்த குழுக்களில், காரணம் கண்டு நீக்கப்பட்டவற்றை மட்டும் விலக்கிவிட்டு மீண்டும் கணக்கிட வேண்டும். காரணம் தெரியாத புள்ளியை விலக்குவதற்கு இடமில்லை. அது அப்படியே இருக்கட்டும், பழைய தாளும் கோப்பில் இருக்கட்டும்.